சின்ன மெஸ்ஸுக்குத் தள்ளுபடி கட்டுப்படியாகுமா?

உறையூர்_அடுப்படி (திருச்சி)

வணக்கம். நானும் என் தங்கையும் உறையூரில் மதியச் சாப்பாட்டு மெஸ் நடத்துகிறோம். ஒரே நேரத்தில் இருபத்தைந்து பேர் உட்காரலாம். அளவுச் சாப்பாடு 90 ரூபாய், முழுச் சாப்பாடு 120 ரூபாய். ஒரு மாஸ்டர், காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் இரண்டு பெண்கள், பரிமாற ஒரு பையன். மீதி வேலை எல்லாம் நாங்கள் இருவர்தான்.

போன மாதம் எங்கள் தெருமுனையில் பெரிய உணவகம் ஒன்றின் கிளையைத் திறந்தார்கள். குளிர்சாதன வசதி உண்டு, வண்டி நிறுத்த இடம் உண்டு. திறப்புவிழாச் சலுகையாக எல்லா அயிட்டத்துக்கும் 20 சதவீதம் தள்ளுபடி. அன்றிலிருந்து எங்களிடம் தினமும் சாப்பிடுகிறவர்களே கல்லாவில் பணம் கொடுக்கும்போது, "நீங்கள் ஒன்றும் குறைக்க மாட்டீர்களா?" என்று கேட்கிறார்கள். மதியம் எண்பது சாப்பாடு போன இடத்தில் இப்போது அறுபது போவதே பெரிய பாடாக இருக்கிறது.

நாமும் ஒரு மாதம் 15 சதவீதம் குறைத்துப் போர்டு வைப்போம், போனவர்கள் திரும்பி வரட்டும் என்கிறாள் தங்கை. எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று அவளிடம் கணக்காக எடுத்துச் சொல்லவும் தெரியவில்லை. கடை நடத்துகிறவர்கள், நடத்தி விட்டவர்கள், வெளியில் சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

கல்லாப்பெட்டி (மதுரை)

போடாதீர்கள் அம்மா. மதுரையில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பல வருடம் மெஸ் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

துணிக்கடைக்காரர் ஆடித் தள்ளுபடி போடுகிறார் என்றால் அவரிடம் தேங்கிய சரக்கு இருக்கிறது. புது மாடல் வருவதற்குள் பழையதைத் தள்ளி, முடங்கிய பணத்தை எடுத்தாக வேண்டும். நமக்குத் தேங்கிய சரக்கு எங்கே இருக்கிறது? எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்துத்தான் காலையில் அரிசி களைகிறோம். கூட்டம் குறைந்தால் மறுநாள் உலையில் இரண்டு படி குறைத்துப் போடுகிறோம். தள்ளுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் தள்ளுபடி போட்டால், தள்ளப்படுவது நம் கூலிதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். விலையை இறக்குவதற்கு ஒரு சாக்பீஸ் போதும். மறுபடி ஏற்றுவதுதான் சிரமம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் அரசே ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்ற சமயம் அது. அப்போதுகூட மதுரையில் எனக்குத் தெரிந்த மெஸ்காரர்கள் பாதிப்பேர் சாப்பாட்டுக்கு ஐந்து ரூபாய் ஏற்றத் துணியவில்லை. தக்காளியைக் குறைத்துப் புளியைக் கூட்டி, தக்காளிச் சட்டினியை நிறுத்தித் தேங்காய்ச் சட்டினியை வைத்துச் சமாளித்தார்கள். கண்ணுக்குத் தெரிகிற காரணம் இருந்தும் ஏற்ற முடியாத விலை இது. "சலுகை முடிந்துவிட்டது" என்று சொல்லிப் பதினைந்து ரூபாய் ஏற்றினால், அதை விலையேற்றம் என்றுதான் ஊர் சொல்லும்.

கணக்கர்_கோவை (கோயம்புத்தூர்)

கணக்காகச் சொல்லத் தெரியவில்லை என்றீர்கள். கணக்கையே போட்டுவிடலாம். சராசரியாக ஒரு சாப்பாடு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

அரிசி, பருப்பு, காய், எண்ணெய், மோர், இலை, கேஸ் என்று ஒவ்வொரு சாப்பாட்டோடும் கூடவே ஏறுகிற செலவு 45 ரூபாய் ஆகலாம். மீதி 55 ரூபாய். அந்த 55லிருந்துதான் வாடகை, சம்பளம், மின்கட்டணம் எல்லாம் போய், கடைசியில் உங்கள் இருவர் கூலி நிற்க வேண்டும்.

முன்பு 80 சாப்பாடு. நாளொன்றுக்கு 80 பெருக்கல் 55, ஆக 4,400 ரூபாய். இப்போது 60 சாப்பாடு, 3,300 ரூபாய். ஆயிரத்து நூறு ரூபாய் விழுந்திருக்கிறது, வலிக்கத்தான் செய்யும்.

சரி, 15 சதவீதம் குறைக்கிறீர்கள். செலவு அதே 45தான். உங்கள் கைக்கு வருவது 55க்குப் பதில் 40. போன இருபது பேரும் ஒருவர் விடாமல் திரும்பி வந்துவிட்டார்கள் என்றே வையுங்கள். 80 பெருக்கல் 40, ஆக 3,200 ரூபாய். அறுபது பேருக்குச் சமைத்து எடுப்பதைவிட எண்பது பேருக்குச் சமைத்து நூறு ரூபாய் குறைவாக எடுப்பீர்கள். பழைய 4,400ஐத் தொட 110 சாப்பாடு விற்க வேண்டும். இருபத்தைந்து இருக்கையில், உச்சிவேளைக் கூட்டம் நிற்கிற ஒன்றரை மணி நேரத்தில், 110 பேரை எப்படி உட்கார வைப்பீர்கள்?

வரியையும் சேர்த்துப் பாருங்கள். உணவகத்துக்கான 5 சதவீத ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரிக் கழிவு கிடையாது, அதாவது பொருள் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. 19 கிலோ வணிகச் சிலிண்டருக்கு நீங்கள் கட்டும் 18 சதவீத வரி முழுவதும் உங்கள் செலவிலேயே நின்றுவிடும். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் இருந்தால் வாடிக்கையாளரிடம் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது, அந்த 5 சதவீதமும் உங்கள் கையிலிருந்துதான் போகும். நான் சொன்ன 55 ரூபாய் உண்மையில் அதைவிடக் குறைவு.

உறையூர்_அடுப்படி (திருச்சி)

மிக்க நன்றி ஐயா. எண்பது பேர் திரும்பினாலும் இன்றைக்கு வருவதைவிடக் குறைவு என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் நோட்டுப் புத்தகத்தை வைத்துக் கணக்குப் பார்த்தேன், ஒரு சாப்பாட்டுக்குச் செலவு 47 ரூபாய் வருகிறது. முழுச் சாப்பாட்டில் இன்னும் அதிகம், இரண்டாவது முறை சாதம், மூன்றாவது முறை ரசம் என்று போகும். தங்கையையும் இதைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

சின்னவள்_உறையூர் (திருச்சி)

படித்துவிட்டேன். தங்கை நான்தான். கணக்கர் ஐயாவின் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்தக் கணக்கில் சேராத ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாசல் பக்கம் கல்லாவில் உட்காருகிறவள். அக்கா உள்ளே அடுப்படியில் இருப்பாள். பன்னிரண்டே முக்காலுக்குத் தெருவில் போகிறவர் ஒருவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து உள்ளே எட்டிப் பார்ப்பார். மேசைகள் நிறைந்திருந்தால் வண்டியை நிறுத்துவார். மூன்று மேசை காலியாக இருந்தால் அப்படியே போய்விடுவார். சாப்பாட்டுக் கடையில் கூட்டம்தான் கூட்டத்தைக் கூட்டும். அறுபது இன்றைக்கு அறுபதாக இருக்கிறது. இப்படியே விட்டால் ஐம்பதாகும், நாற்பதாகும். அப்போது நாற்பது பெருக்கல் 55 என்று கணக்குப் போட்டு என்ன பயன்?

ஒரு மாதம் நூறு இருநூறு நஷ்டம் வந்தாலும் கடை நிறைந்திருக்கட்டும் என்பதுதான் என் எண்ணம். இதில் எனக்கு எந்த வெட்கமும் இல்லை.

கணக்கர்_கோவை (கோயம்புத்தூர்)

நீங்கள் சொல்வது நியாயம் தங்கையே, காலி மேசைக்கு விலை உண்டு. ஆனால் எந்த நேரத்து மேசை என்று பாருங்கள். ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் உட்காருகிற ஆளுக்கு 15 ரூபாய் குறைப்பது வீண், அவர் எப்படியும் அந்த நேரத்தில் எங்கேயாவது சாப்பிட்டே ஆகவேண்டும். நீங்கள் சொல்லும் பன்னிரண்டே முக்கால் மேசைதான் நிறைய வேண்டும் என்றால், பன்னிரண்டு மணிக்கே வருகிறவர்களுக்கு மட்டும் ஏதாவது செய்யுங்கள். அதுவும் பணமாக வேண்டாம். மெதுவடை உங்கள் கடையில் என்ன விலை?

சின்னவள்_உறையூர் (திருச்சி)

12 ரூபாய். அடக்கம் ஐந்து ரூபாய்க்குள் வரும், உளுந்து விலையைப் பொறுத்தது.

கணக்கர்_கோவை (கோயம்புத்தூர்)

15 ரூபாய் குறைத்தால் உங்களுக்கு 15 ரூபாய் போகிறது. இலையில் ஒரு வடை வைத்தால் சாப்பிடுகிறவருக்கு 12 ரூபாய் கிடைக்கிறது, உங்களுக்கு 5 ரூபாய் போகிறது. வடையை நாளைக்கு நிறுத்தினாலும் சாப்பாட்டின் விலை 100 என்பது அப்படியே இருக்கும்.

விடுதி_வாசி (திருச்சி)

நான் கல்லூரி மாணவன், அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். எல்லோரும் கடைக்காரர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். சாப்பிடுகிறவன் பேராசைக்காரன் என்பது போல ஒரு தொனி தெரிகிறது.

வீட்டிலிருந்து எனக்கு மாதம் வருகிற பணத்தில் அறை வாடகை போக மீதியில்தான் மூன்று வேளையும். மதியம் மட்டும் 90 ரூபாய் என்றால் மாதம் 2,700. அதில் 20 சதவீதம் குறைந்தால் 540 ரூபாய் மிச்சம். எனக்கு அது பல வேளைச் சிற்றுண்டி. நான் அந்தப் புதுக்கடைக்குப் போகிறவன்தான். அங்கே சாம்பார் சுமார், ஆனாலும் போகிறேன்.

2013இல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். கோவை வடிவேலம்பாளையத்தில் கமலாத்தாள் பாட்டி விறகடுப்பில் அவித்து ஒரு ரூபாய்க்கு இட்லி விற்றதை நாடே கொண்டாடியது. அவர்களால் முடிந்தபோது மற்றவர்கள் பத்துப் பதினைந்து ரூபாய் குறைத்தால் கடை மூழ்கிவிடுமா? உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கல்லாப்பெட்டி (மதுரை)

நல்ல கேள்வி தம்பி. கோபமும் நியாயமானதுதான்.

அம்மா உணவகத்தின் அரிசிக்கும் பருப்புக்கும் ஆள் கூலிக்கும் அரசுப் பணமும் மாநகராட்சிப் பணமும் நின்றன. ஏழை வயிற்றுக்கு அரசு செலவழிக்க வேண்டியதுதான், அதில் எனக்குக் கருத்து வேறுபாடே இல்லை. ஆனால் உறையூர் மெஸ்ஸுக்குப் பின்னால் மாநகராட்சி நிற்கவில்லை. பாட்டி கதை வேறு. தன் வீட்டில், தன் உழைப்புக்குக் கூலியே போட்டுக்கொள்ளாமல் அந்த விலையை அவர் வைத்தார். சலுகை அறிவித்து ஒரு மாதம் கழித்து ஏற்றவில்லை. அந்த மனசைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் நான்கு பேருக்குச் சம்பளம் கொடுக்கிற கடையிடம் அதையே எதிர்பார்த்தால், அந்த நான்கு பேரும் பாட்டியைப் போலக் கூலியில்லாமல் வேலை செய்ய வேண்டும் என்று ஆகிவிடும்.

கட்டுப்படியாகாத விலைக்கு விற்கிற கடையில் முதலில் எது குறையும் தெரியுமா? பலகையில் எழுதியிருக்கும் எதுவும் குறையாது. பருப்பு நீர்க்கும். பொரியலில் தேங்காய்ப் பூ காணாமல் போகும். அப்பளம் இரண்டு ஒன்றாகும், அதுவும் சின்ன அப்பளம். எண்ணெயை மாற்றாமல் மறுநாளும் அதிலேயே பொரிப்பார்கள். அதற்குப் பிறகும் பற்றவில்லை என்றால் பாத்திரம் கழுவுகிற அம்மாவிடம், "இந்த வாரம் பாதி வாங்கிக்கொள், மீதியை அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார்கள். நான் பக்கத்துக் கடைகளில் கண்ணால் பார்த்த வரிசை இது. சாம்பார் சுமார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. பழைய மெஸ்களில் மாத டோக்கன் என்று ஒன்று உண்டு. மாத ஆரம்பத்தில் மொத்தமாகப் பணம் கட்டி டோக்கன் புத்தகம் வாங்கிக்கொள்ள வேண்டும், இரண்டு மூன்று சாப்பாடு அதில் இலவசமாக வரும். உங்களுக்கு விலை குறைகிறது. கடைக்காரருக்கு முன்பணம் கிடைக்கிறது, நாளைக்கு எத்தனை பேர் என்ற கணக்கும் கிடைக்கிறது. அரிசியைச் சிப்பமாக ரொக்கத்துக்கு வாங்கினால் அங்கேயே மூட்டைக்குக் கொஞ்சம் குறையும். அந்தக் குறைவைத்தான் உங்களுக்குத் தருகிறார். இந்த மாதிரித் தள்ளுபடிக்கு நான் எதிரி இல்லை. முன்பின் தெரியாத எல்லோருக்கும் பலகையில் எழுதிக் கொடுக்கிறார்களே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஓட்டேரி_தம் (சென்னை)

செயலி வழியாக விற்கிறவர்களின் நிலையையும் எழுதுகிறேன். சின்ன பிரியாணிக் கடை. எங்கள் விற்பனையில் பாதி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி ஒன்றின் மூலம். தள்ளுபடி போடலாமா வேண்டாமா என்று நாங்கள் யோசிக்கவே வாய்ப்பில்லை. போடாவிட்டால் பட்டியலில் எங்கள் பெயர் கீழே போய்விடுகிறது. தள்ளுபடியை நாங்களே ஏற்க வேண்டும், செயலி ஏற்காது.

ஒரு பார்சலின் கணக்கைத் தருகிறேன். பிரியாணி விலை 200. இருபது சதவீதம் தள்ளுபடி போக 160. எங்கள் ஒப்பந்தப்படி கமிஷன் 22 சதவீதம், 35 ரூபாய் சொச்சம். அந்தக் கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 6 ரூபாய் சொச்சம். கைக்கு வருவது 118. அரிசி, கறி, மசாலா, விறகு 100 ரூபாய். டப்பா, தயிர்ப் பச்சடி டப்பா, பை எல்லாம் சேர்த்து 8 ரூபாய். 2019இல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழகத்தில் தடை செய்த பிறகு பார்சல் செலவு கூடிவிட்டது, தடை சரியானதுதான், ஆனால் செலவு எங்களுடையது. மிஞ்சுவது பத்து ரூபாய். அந்தப் பத்து ரூபாயில் மாஸ்டர் சம்பளமும் கடை வாடகையும்.

அதே பிரியாணியைக் கடைக்கு வந்து வாங்குகிறவர் 200 ரூபாய் கொடுக்கிறார். தினமும் நேரில் வந்து வாங்குகிற ஆட்டோ ஓட்டுநர் முழு விலை கொடுக்க, யாரென்றே தெரியாதவர் 160க்குச் சாப்பிடுகிறார். இது எனக்கு உறுத்துகிறது.

வீட்டுப்பொடி (திருநெல்வேலி)

பலர் செயலியில் விலையை 250 என்று ஏற்றி வைத்துவிட்டு 20 சதவீதம் குறைத்து 200க்கு விற்கிறார்களே, நீங்களும் அப்படிச் செய்யலாமே?

ஓட்டேரி_தம் (சென்னை)

செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை அக்கா. கடைப் பலகையில் ஒரு விலை, கைப்பேசியில் ஒரு விலை என்றால் தெருவிலேயே இருக்கிற வாடிக்கையாளர் இரண்டையும் பார்த்துவிடுவார். பிறகு எந்த விலையையும் நம்ப மாட்டார்.

கணக்கர்_கோவை (கோயம்புத்தூர்)

இந்தச் சண்டை பெரிய உணவகங்களுக்கே நடந்த சண்டைதான். 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி, தள்ளுபடி அட்டைத் திட்டங்களிலிருந்து உணவகங்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறின. நூறு பேர் வேலை செய்கிற உணவகங்களே, வாடிக்கையாளரைத் தள்ளுபடிக்கு அடிமையாக்கிவிட்டார்கள் என்று புலம்பின. அவர்களின் சங்கம் கொடுத்த புகாரின் பேரில் 2022 ஏப்ரலில் இந்தியப் போட்டி ஆணையம் சொமேட்டோ, ஸ்விக்கி இரண்டின் மீதும் விசாரணைக்கு உத்தரவிட்டது. நம் பக்கத்தில் நாமக்கல் உணவக உரிமையாளர்களும் கமிஷன் விவகாரத்தில் இந்தச் செயலிகளுக்கு உணவு கொடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். தனிக்கடையாக நின்று செய்ய முடியாததை ஊர்ச் சங்கமாகச் சேர்ந்து செய்து பார்த்தார்கள். ஓட்டேரி தம்பி, உங்கள் பகுதியில் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். தனியாக வெளியேறினால் பாதி விற்பனை போகும், அந்தத் துணிச்சலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாலைநேர_பேக்கரி (பொள்ளாச்சி)

பேக்கரிக்காரியாக ஒன்று சொல்கிறேன். தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் எங்களுக்கு மீந்த சரக்கு உண்டு. ஆனால் மீந்ததில் எது எது என்று பார்க்க வேண்டும்.

மீந்த பிரெட்டை, பன்னைக் குறைத்து விற்கவே மாட்டோம். மறுநாள் காலை வெட்டி, அடுப்புச் சூடு இறங்கும்போது தட்டில் அடுக்கி உள்ளே தள்ளினால் ரஸ்க் ஆகிவிடும். ரஸ்க் இரண்டு வாரம் நிற்கும். வெஜ் பஃப்ஸும் முட்டை பஃப்ஸும் அப்படி இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். அதனால் எட்டரைக்கு மேல் பஃப்ஸ் பாதி விலை என்று வைத்திருந்தோம். கொஞ்ச நாளில், ஆறு மணிக்கு டீயோடு பஃப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களில் சிலர் எட்டரைக்கு வர ஆரம்பித்தார்கள். எட்டு இருபதுக்கே வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆறு மணி விற்பனை குறைந்து, அதனாலேயே மீதி அதிகமாகி, பாதி விலையில் போவதும் அதிகமானது.

இப்போது நேரம் சொல்லுவதில்லை, பலகையும் கிடையாது. மாலை நான்கு மணித் தட்டை ஒன்று குறைத்தோம். மீந்தால் பக்கத்து மருந்துக்கடைப் பையனுக்கும் இரவுக் காவலருக்கும் எங்கள் வேலையாட்களுக்கும் போய்விடும். ஏழரைக்குப் பஃப்ஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்ல நேர்ந்தால் எனக்கு வருத்தமில்லை. மறுநாள் அவர் ஆறு மணிக்கே வருவார்.

சாலையோரம் (திண்டுக்கல்)

ஐந்து பைசா நாணயம் கொண்டுவந்தால் பிரியாணி என்று மதுரை செல்லூரில் 2021இல் ஒரு கடை திறப்புவிழாவில் அறிவித்தது எல்லோருக்கும் தெரியும். கொரோனா காலத்தில் முகக்கவசம்கூட இல்லாமல் நூற்றுக்கணக்கானோர் திரண்டு, போலீஸ் வந்து கடையையே மூட வைத்தார்கள். அன்று நாணயத்தோடு நின்றவர்களில் எத்தனை பேர் அடுத்த வாரம் முழு விலை கொடுத்துச் சாப்பிட வந்திருப்பார்கள்? விலைக்காக வந்தவர் விலைக்காகவே போவார்.

வீட்டுப்பொடி (திருநெல்வேலி)

நான் வீட்டிலிருந்தே பருப்புப் பொடி, இட்லிப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் செய்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறேன். எனக்குத் தள்ளுபடி கேட்பவர்களில் முக்கால்வாசி சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும். "நமக்குள் என்ன விலை?" என்பார்கள். இதைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். வெளி ஆளிடம் விலையைச் சொல்ல நாக்கு தடுமாறுவதில்லை. சித்தி கேட்டால் தடுமாறுகிறது. பெண்கள் வீட்டில் செய்கிற சமையலுக்கு உழைப்பு என்று ஒரு விலையே இல்லை என்ற நினைப்பு நம் வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. மிளகாயை வெயிலில் காயவைத்து, காம்பு கிள்ளி, வறுத்து, நெடியில் இருமி இருமி அரைத்த பிறகு, "கடையில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே" என்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரே விலை என்று வைத்துவிட்டேன். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கினால் தபால் செலவு என்னுடையது. ஐந்து பொட்டலமாக அனுப்புவதும் ஒன்றாக அனுப்புவதும் எனக்கு ஒரே அலைச்சல்தான், அதனால் அந்தக் குறைப்பு நியாயமாகப் படுகிறது. சித்திக்குத் தீபாவளிக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் அன்பளிப்பாகக் கொடுத்தேன், சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். விலையில் மட்டும் கை வைக்க விடுவதில்லை.

சின்னவள்_உறையூர் (திருச்சி)

அக்காவும் நானும் நேற்றிரவு உட்கார்ந்து பேசினோம். 15 சதவீதப் போர்டு வேண்டாம் என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றும் செய்யாமல் கை கட்டி இருப்பதற்கும் நான் சம்மதிக்கவில்லை. பன்னிரண்டேகாலுக்குள் வந்து உட்காருகிறவர்களின் இலையில் ஒரு வடை. வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் பாயசம். "சலுகை" என்று எங்கும் எழுதப் போவதில்லை, வாயால் சொல்லிக்கொள்கிறோம்.

மாத டோக்கன் யோசனை இருவருக்கும் பிடித்திருக்கிறது. ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. 26 அளவுச் சாப்பாட்டுக்கு 24 சாப்பாட்டின் விலை, 2,160 ரூபாய். ஒரு சாப்பாடு 83 ரூபாய் சொச்சம் விழும். விடுதி_வாசி, இது உங்களுக்கு உதவுமா?

விடுதி_வாசி (திருச்சி)

உதவும். ஆனால் மாத ஆரம்பத்தில் மொத்தமாக 2,160 எடுத்துக் கொடுப்பது என்னைப் போன்றவர்களுக்குக் கடினம். இரண்டு தவணையாக, 13 டோக்கன் வீதம் கொடுத்தால் என் அறையிலிருந்தே மூன்று பேர் வருவோம். ஊருக்குப் போகிற நாட்களுக்கு என்ன செய்வது? தேர்வு விடுமுறையில் பத்து நாள் இருக்க மாட்டோம். என் டோக்கனில் நண்பன் சாப்பிடலாமா?

கல்லாப்பெட்டி ஐயா எழுதிய அப்பளக் கணக்கைப் புதுக்கடையில் இன்று கவனித்தேன். ஒன்றுதான் வைக்கிறார்கள். முதல் வாரத்தில் இரண்டு வைத்ததாக நினைவு.

கல்லாப்பெட்டி (மதுரை)

தவணை கொடுங்கள் அம்மா, மாணவர்களுக்கு 13 டோக்கன் புத்தகம் நல்லதுதான். நண்பன் சாப்பிட்டால் சாப்பிடட்டும், டோக்கனில் பெயர் எழுதாதீர்கள். இலையில் உட்காருகிற ஆள் யாரானால் என்ன, பணம் வந்துவிட்டது. புதிதாக ஓர் ஆள் உங்கள் ரசத்தை ருசி பார்க்கிறார், அதுவே உங்களுக்கு விளம்பரம்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். டோக்கனில் மாதத்தின் முத்திரை இருக்க வேண்டும், மாதத்துக்கு ஒரு நிறத்தாள் என்றால் கல்லாவில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மீந்த டோக்கனை அடுத்த மாதம் பத்தாம் தேதி வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஒருவர் பழைய டோக்கனோடு வந்தால் அரிசி விலை அன்றைக்கு வேறாக இருக்கும்.

இரண்டாவது, அந்தப் பணத்தை அன்றாடக் கல்லாவில் கலக்காதீர்கள். முப்பது பேர் புத்தகம் வாங்கினால் அறுபதாயிரத்துக்கு மேல் ஒரே வாரத்தில் கையில் நிற்கும், வியாபாரம் பெருத்துவிட்டது போலத் தெரியும். அது முழுவதும் நீங்கள் இனிமேல் போட வேண்டிய சாப்பாடு. வங்கியில் தனிக் கணக்கு வையுங்கள். தினமும் இரவு எத்தனை டோக்கன் கிழித்தீர்களோ அத்தனைக்கு மட்டும் எடுத்துக் கல்லாவில் சேருங்கள். மதுரையில் நல்ல மெஸ்கள் இரண்டு, டோக்கன் பணத்தில் மேசை நாற்காலி வாங்கிவிட்டு மாதக் கடைசியில் அரிசிக் கடைக்காரருக்குப் பதில் சொல்ல முடியாமல் மூடிப்போயின.

உறையூர்_அடுப்படி (திருச்சி)

தனிக் கணக்கை நாளைக்கே தொடங்கிவிடுகிறோம் ஐயா. 13 டோக்கன் புத்தகம் 1,080 ரூபாய் என்று அச்சகத்தில் சொல்லியாயிற்று, ஒன்றாம் தேதிக்குள் தருகிறார்கள், முதல் மாதம் மஞ்சள் தாள். புதுக்கடையின் சலுகை இந்த மாதக் கடைசி வரை என்று போட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மதியம் எத்தனை சாப்பாடு போகிறது என்பதை இங்கேயே எழுதுகிறேன், அறுபதில் நின்றாலும் எழுதுகிறேன்.